கூலி யாருடைய காசு?

வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் மேசைமேல் கிடந்த 500 ரூபாயை எடுத்துவிட்டாள் என்று வீட்டுக்காரர் சொன்னால் போதும், அன்று மாலையே அவளைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிடலாம். அதே வீட்டுக்காரர் அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்து, கடைசியில் “இனிமே வர வேண்டாம்” என்று கேட்டைச் சாத்திவிட்டால், அதே காவல் நிலையத்தில் அவளுக்குக் கிடைக்கும் பதில் “இதெல்லாம் இங்க வராதும்மா, லேபர் ஆபீஸுக்குப் போ” என்பதுதான். முன்னது திருட்டு. பின்னது தகராறு. முன்னதில் ஒரு குற்றவாளி இருக்கிறாள். பின்னதில் ‘இரு தரப்பினர்’ இருக்கிறார்கள்.

மேற்கு மாவட்டம் ஒன்றில், பெண் தொழிலாளர்களுக்குச் சம்பள பாக்கி மனு எழுதிக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். இந்த வேறுபாட்டை என் முன்னால் கேள்வியாக வைத்தவர் வக்கீல் அல்ல, அறுபதை நெருங்கும் ஒரு அக்கா. “ஏங் கண்ணு, அவங்க காசு எங்கையில இருந்தாத் திருட்டுங்கறாங்க. எங்காசு அவங்க கையில இருந்தா அதுக்கு என்ன பேரு?”

சட்டத்திடம் இதற்கு ஒரு பதில் உண்டு. ஒருவர் வசம் இருக்கும் பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுப்பதுதான் திருட்டு. கூலி இன்னும் அவள் வசம் வரவே இல்லை; வராத பொருளை யாரும் அவளிடமிருந்து எடுக்க முடியாது. முதலாளியின் பையில் இருக்கும் வரை அது முதலாளியின் பணம். தர வேண்டியதைத் தரவில்லை என்பது ஒப்பந்தத்தை மீறிய செயல், அவ்வளவுதான். தர்க்கத்தில் ஓட்டை இல்லாததுபோல் தெரியும். ஆனால் அந்த அக்கா “எங்காசு” என்றார். “எனக்கு வர வேண்டிய காசு” என்று சொல்லவில்லை. வேலை முடிந்த நொடிக்கும் காசு கைக்கு வரும் நொடிக்கும் இடையில் அந்தப் பணம் யாருடையது? இந்தக் கட்டுரை இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

சட்டமே ஓரிடத்தில் அக்காவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவில் 1973இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வருங்கால வைப்பு நிதிக்கென்று பிடித்த பணத்தை முதலாளி கட்டாமல் விட்டால், அந்தப் பணம் அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பணமாகவே கருதப்படும். அவர் செய்தது நம்பிக்கை மோசடி. இரண்டு வருடம் கழித்து ஈ.எஸ்.ஐ. பிடித்தத்துக்கும் இதேபோல ஒரு விளக்கம் வந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவிலும் இது தொடர்கிறது. கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இது வியப்பான விஷயம். பிடித்தம் செய்த பணமும் அவள் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. சம்பளச் சீட்டில் ஒரு வரியாக மட்டுமே அது இருந்தது. ஆனாலும் அது அவளுடைய பணம், முதலாளியிடம் பத்திரமாக இருந்த பணம் என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால் 10,000 ரூபாய் சம்பளத்தில் 1,200 ரூபாயைப் பி.எஃப். என்று பிடித்துக் கட்டாமல் விட்டால் குற்றம். 10,000 ரூபாயையும் மொத்தமாகத் தராமல் விட்டால் தகராறு. சிறியது மோசடி ஆகிறது, முழுவதும் மோசடி ஆவதில்லை. இதை நியாயப்படுத்தும் ஒரு காரணத்தை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை.

சட்டத்துக்கு இந்த விஷயத்தில் எப்போதுமே இப்படி மென்மையான மனம் இருந்ததா என்றால், இல்லை. 1859இல் காலனி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் நகர முதலாளிகளுக்காக முதலில் வந்தது. முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ வேலையைச் செய்யாமல் விட்டால், மாஜிஸ்திரேட்டிடம் புகார் சொல்லலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லை வேலையைச் செய் என்று அவர் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம்வரை கடுங்காவல். 1925இல்தான் அதை ரத்துசெய்யச் சட்டம் வந்தது. அதாவது தொழிலாளி வாக்குத் தவறினால் சிறை என்ற ஏற்பாடு அறுபது வருடங்களுக்கு மேல் இருந்தது. கூலி கொடுக்கும் காலத்தை ஒழுங்குபடுத்திய சம்பளப் பட்டுவாடாச் சட்டம் அதற்குப் பிறகு, 1936இல் வந்தது.

இன்றைக்கும் செங்கல் சூளையில் முதலாளி கொடுக்கும் முன்பணத்துக்குக் ‘கடன்’ என்று பேர். அதைச் சொல்லிக் குடும்பத்தையே சூளையில் கட்டிப்போட முடிகிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்த பிறகும் முடிகிறது. ஆனால் தொழிலாளி ஒரு மாதம் முழுக்க முன்கூட்டியே கொடுக்கும் உழைப்புக்கு அந்தப் பேர் இல்லை. மாதம் முழுக்க வேலை செய்து, அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் என்பது சட்டம் வகுத்த கணக்கு. அப்படியென்றால் முதல் தேதி செய்த வேலைக்கு முப்பத்தேழு நாள்வரை அவள் கடன் கொடுத்திருக்கிறாள், வட்டியில்லாமல், ஈடில்லாமல், பத்திரமில்லாமல். அந்த முப்பத்தேழு நாளில் வீட்டை ஓட்ட அவள் குழுக் கடன் வாங்கி, வாரா வாரம் தவணை கட்டுகிறாள். முதலாளிக்கு வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, அதே நாட்களுக்கு வட்டிக்கு வாங்குகிறாள். ஊரிலேயே பெரிய கடன்காரர் யார் என்று யாராவது கேட்டால் என்னால் இப்போது சட்டென்று பதில் சொல்ல முடியும்.

தமிழில் ‘கடன்’ என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. அதே மொழியில் வேலை கொடுப்பவரைப் ‘படியளக்கிறவர்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாத சொற்கள். கடன் என்றால் கொடுத்தாக வேண்டும், கொடுத்ததற்காக யாரும் கும்பிட வேண்டியதில்லை. படியளப்பது என்றால் அது அவர் மனசு. அளந்தால் கும்பிட வேண்டும், அளக்காவிட்டால் நம் விதி. நிலத்தில் கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தின் பேச்சு இது. அந்தப் பேச்சுக்குள் சாதியும் இருக்கிறது. யார் களத்து மேட்டில் நின்று அளந்தார்கள், யார் கீழே நின்று ஏந்தினார்கள் என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெண்களிடம் இது இன்னொரு சொல்லாக வந்து நிற்கிறது: “பாத்துக் குடுங்க.” என்ன சம்பளம் கேட்டாய் என்று எந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கேட்டாலும் பாதிப் பேர் இந்த இரண்டு சொல்லைத்தான் சொல்வார்கள். நீங்களே பார்த்து, நீங்களே மதிப்பிட்டு, உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள். இது பணிவு மட்டுமல்ல. கறாராகப் பேசுகிற பெண்ணுக்கு வேலை கிடைக்காது என்ற அனுபவம் இதில் இருக்கிறது. வீட்டில் அவளே செய்யும் அதே சமையலுக்கும் அதே துவைப்புக்கும் விலை என்று ஒன்று இல்லாதபோது, அடுத்த வீட்டில் அதற்கு என்ன விலை சொல்வது என்ற தடுமாற்றமும் இருக்கிறது. சம்பளமில்லா வீட்டு வேலையைப் பற்றிப் பெண்ணியவாதிகள் ஐம்பது வருடங்களுக்கும் மேலாகப் பேசிவருகிறோம். மனைவியின் வேலை பூஜ்யம் என்று கணக்கிடும் வீட்டில், கூலிக்கு வரும் பெண்ணின் வேலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தானே நிற்கும்? கணவர் மனைவியின் உழைப்பை அன்பு என்று பெயர் மாற்றுகிறார். மனைவி வேலைக்காரப் பெண்ணின் உழைப்பை ‘நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று பெயர் மாற்றுகிறார். இந்த இரண்டாவதைப் பற்றி நம் கூட்டங்களில் நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனத்தாங்கல்.

பூஜ்யம் என்பதைச் சட்டமும் கிட்டத்தட்ட ஏற்றுக்கொள்கிறது. 2020ஆம் வருடத்துத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் ‘தொழில்’ என்றால் என்ன என்ற வரையறையில், வீட்டுப் பணி அதில் சேராது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். வீட்டு வேலைத் தொழிலாளருக்கான ஐ.எல்.ஓ. உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007இலேயே வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்துவிட்டது என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் வாரிய அட்டை உதவித்தொகை வாங்கித் தரும்; கேட்டைச் சாத்திய வீட்டுக்காரரிடம் போய் நின்று பாக்கியை வாங்கித் தராது.

கேட்டுக்கு வெளியே நிற்பவளுக்கு அப்படி. ஆலைக்குள் இருப்பவளுக்குச் சட்டம் நிறையவே இருக்கிறது. ஆனால் அங்கேதான் ‘சுமங்கலித் திட்டம்’ நடந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் விடலைப் பருவப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்த்து, ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, குறைந்த தினக்கூலி கொடுத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு. அரசு நடத்திய திட்டம் எதுவும் அல்ல, ஆலைகள் வைத்த பெயர். பெயர் வைத்தவரின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். மூன்று வருடம் முடிவதற்குள் வெளியேறினால் அந்தத் தொகை கிடையாது. காய்ச்சலில் போனாலும், கை இயந்திரத்தில் மாட்டிப் போனாலும், சூப்பர்வைசரின் தொல்லை தாங்காமல் போனாலும் கிடையாது.

இப்படி வெளியேறிய பெண் ஒருத்திக்கு மனு எழுத உட்கார்ந்தபோதுதான் என் கேள்வி முழுசாக என் முன்னால் வந்தது. மூன்று வருடத்துக்கு இரண்டு மாதம் குறைவு. ஆலைத் தரப்பின் வாதம், அந்தத் தொகை கூலி அல்ல, முழுக் காலமும் இருப்பவருக்குத் தரும் ஊக்கத்தொகை, ஒரு அன்பளிப்பு என்பது. எங்கள் வாதம் எளிது: தினமும் குறைத்துக் கொடுத்ததைச் சேர்த்து வைத்தால்தானே அந்தத் தொகை வரும்? அவள் கூலியின் ஒரு பகுதியை அவளிடமே வைத்துக்கொள்ளாமல் பிடித்துவைத்து, அதற்கு ரிப்பன் கட்டி, நல்லபடியாக நடந்துகொண்டால் தருகிறோம் என்பதற்கு அன்பளிப்பு என்றா பேர்? குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கு அது. நாள் கூலி 9.25 ரூபாயில் ஒரு ரூபாயைக் கங்காணிகள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ரூபாய்தானே என்று நீதிமன்றம் விடவில்லை. பசியால் ஒருவர் குறைந்த கூலிக்குச் சம்மதிப்பது சம்மதமே அல்ல என்பது நீதிபதி பகவதியின் தீர்ப்பின் சாரம்.

ஆனால் ஆலையின் வாதத்தைவிட எனக்குச் சங்கடம் கொடுத்தது அவள் அப்பாவின் வாதம். ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர். “எங்க புள்ள கல்யாணக் காசுங்க அது” என்றுதான் ஆபீஸில் சொன்னார். ஆலை அவளுடைய நல்லதுக்காகப் பிடித்து வைத்தது. அப்பா அவளுடைய நல்லதுக்காகக் கேட்கிறார். இரண்டு பேரும் ‘கல்யாணம்’ என்ற ஒரே சொல்லில் கைகோத்து நிற்க, நடுவில் இருந்த அவளிடம் இந்தக் காசை வாங்கி என்ன செய்யப்போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். தையல் மெஷின், பிறகு மூன்று பவுன் நகையெல்லாம் வேண்டாம், பல் கட்ட வேண்டும் என்றாள். முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

மீட்டுக்கொடுக்கும் கூலி மறுபடி அப்பாவின் கைக்கோ கணவரின் கைக்கோதான் போகும் என்றால், யாருக்காக வழக்கு நடத்துகிறோம் என்று தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பெண் காசை எப்படிச் செலவழிப்பாள், யார் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து அவளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்தால், நாமும் ஆலையின் நாற்காலியில்தான் போய் உட்காருகிறோம். ஆண் தொழிலாளிக்குப் பாக்கி வாங்கிக் கொடுக்கும் சங்கத்துக்காரர், அவன் டாஸ்மாக்கில் போடுவானா என்று விசாரித்துவிட்டா மனு எழுதுகிறார்? அவள் காசு அவள் கைக்கு வர வேண்டும். அப்பாவோடு நடக்க வேண்டிய சண்டையை அவள் கையில் காசோடு நடத்தட்டும். அவளுடைய மனுவில் பணம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு என்று எழுதினோம். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

இனி நிரூபணம். கூலி வரவில்லை என்பவள் முதலில் தான் அங்கே வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும். நியமன ஆணை இல்லை, வருகைப் பதிவேடு அவர்களிடம், சம்பளச் சீட்டு கிடையாது. பழைய தொழிற்தகராறுச் சட்டத்தின் 33சி(2) பிரிவில் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால், ஏற்கெனவே ஏற்கப்பட்ட உரிமையைக் கணக்கிட்டுத் தருவதுதான் அங்கே வேலையாக இருந்தது. ‘இவள் எங்கள் ஆளே இல்லை’ என்று முதலாளி சொல்லிவிட்டால் அந்தக் கதவு அங்கேயே குறுகிவிடும். பொய் சொன்னவருக்கு அதனால் நஷ்டமில்லை. வேலை செய்தவளுக்கோ தான் இருந்ததே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. இதில் காசு போவதைவிடப் பெரிய ஒரு அவமானம் இருப்பதாக நினைக்கிறேன். ஆறு வருடம் உன் தறியில் நின்றேன், நீ என் முகத்தைப் பார்த்து யார் நீ என்கிறாய்.

அதனால்தான் எங்களிடம் வருபவர்களிடம் முதலில் சட்டம் பேசுவதில்லை. வேலைக்குப் போன நாட்களைக் காலண்டரில் குறித்தீர்களா, பஸ் பாஸ் இருக்கிறதா, ஜி.பே.யில் ஒருமுறையாவது பணம் வந்ததா, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு அழியாமல் இருக்கிறதா, கூட வேலை செய்த யார் சாட்சி சொல்வார்கள் என்றுதான் கேட்போம். பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதை (1987ஆம் வருடச் சட்டம், 12ஆம் பிரிவு) நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள்கூட எங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

காலக்கெடுவும் அப்படித்தான். பழைய சட்டங்களில் குறைந்தபட்சக் கூலிக்கு ஆறு மாதம், சம்பளப் பட்டுவாடாவுக்கு ஒரு வருடம். வேலையில் இருக்கும் வரை யாரும் மனுப் போடுவதில்லை. போட்டால் வேலை இருக்காது. வேலையைவிட்ட பிறகு போட்டால் முக்கால்வாசி பாக்கி காலாவதி. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று இருந்தது. பயம்தான் காரணம் என்று எழுதலாமா என்று ஒருத்தி கேட்டாள். எழுதினோம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் கெடு மூன்று வருடம். கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் 59ஆம் பிரிவின்படி முதலாளியுடையது. பத்து மடங்குவரை இழப்பீடும் விதிக்கலாம். அந்தத் தொகுப்புச் சட்டங்கள்மேல் தொழிற்சங்கங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு; ஆனாலும் இந்த மூன்றையும் நம் பெண்கள் பயன்படுத்தியே ஆக வேண்டும். அதே சட்டத்தில் குறைத்துக் கொடுப்பவருக்கு முதல் தடவை அபராதம் மட்டும்தான், 50,000 ரூபாய்வரை. ஐந்து வருடத்துக்குள் மறுபடி செய்தால்தான் சிறை என்ற பேச்சே.

கடைசியாக, சமரசம். பெரும்பாலான மனுக்கள் தீர்ப்பில் முடிவதில்லை, பேச்சில் முடிகின்றன. 62,000 பாக்கி என்றால், 25,000 தருகிறேன், முடித்துக்கொள் என்பார்கள். நம்மில் கொள்கைப் பிடிப்புள்ளவர்களுக்கு இது வலிக்கும். உரிமையில் பாதி என்று ஒன்று உண்டா? அவள் விட்டுக்கொடுத்தால் அடுத்த பெண்ணுக்கும் அதுதானே விலையாகும்? இந்த வாதத்தை மதிக்கிறேன், ஆனால் இதை அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கவில்லை. வழக்கு இழுக்கும் இரண்டு வருடத்துக்கு அவள் வாரத் தவணையை நான் கட்டப்போவதில்லை. தியாகத்தைப் பெண்களிடம் எதிர்பார்ப்பது குடும்பத்துக்குப் பழக்கம். இயக்கமும் அதையே எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் பாதியை வாங்கிக்கொள்வதும் மன்னிப்பதும் ஒன்றல்ல. காசில்லாதவள் காசை விடலாம். நடந்தது நியாயம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒரு பெண். 25,000க்குச் சம்மதித்துவிட்டார். அலுவலகத்தில் ரசீது தயாராக இருந்தது: ‘எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கு எந்த பாக்கியும் இல்லை.’ அவர் அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இது பொய்யிங்க சார்” என்றார்.

எல்லா ரசீதிலும் இப்படித்தான் இருக்கும், இது ஒரு நடைமுறை என்றார் கம்பெனிக்காரர். காசு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். “வேணுமுங்க. ஆனா முழுசுன்னு எழுதாதீங்க. இருபத்தஞ்சாயிரம் வாங்கினேன், இதோட கேசை முடிச்சுக்கறேன்னு எழுதுங்க. அது நெசம்.”

அரை மணி நேரம் பேச்சு நடந்தது. கம்பெனிக்காரர் யாருக்கோ போன் செய்தார். பிறகு டைப் அடிக்கும் அம்மா ‘முழுவதையும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, பாக்கியைப் பற்றிய வரியையும் எடுத்துவிட்டு, புதுத்தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையும் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.